அமாவாசைக்கு அமாவாசை ஓர் அட்டை

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தபோது அண்டா, குண்டான், அகப்பை வரைக்கும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மதுரையிலிருந்து படம் பிடிப்பவரை எழுமலைக்கு வரவழைத்து, அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று எடுத்துக்கொண்டது. அதை என்ன செய்வது? கத்தரிக்கோலை வாங்கி நடுவில் வெட்டி, ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்தவர்களின் நியாயம் அம்புட்டுத்தான்! கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்பதில் தொடங்கிய சண்டை அது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆண்கள் கிடக்கட்டும் என்று அம்மாவும் பெரியம்மாவும் ரகசியமாக ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். பாதிப் படத்தை ஓர் அட்டையில் செருகி, சுற்றிலும் ஜோடித்து, அமாவாசையன்று மற்றவளுக்குக் காட்ட வேண்டும். ஒரு மாதம் அம்மா, மறுமாதம் பெரியம்மா. எப்படி ஜோடிப்பது என்பதை எதிராளி சொல்வாள். தூது நான், எனக்கு எட்டு வயது. அமாவாசைக்கு ஏர் பூட்டமாட்டார்கள். அண்ணனும் தம்பியும் தனித்தனி வண்டியில் உசிலம்பட்டிக்குச் சோலியாகப் போய்விடுவார்கள். நான் அரிசி புடைக்கும் சொளகில் அட்டையை வைத்து, மேலே முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு நடப்பேன். அகப்பட்டால் அட்டை அடுப்புக்குப் போகும், அம்மா பிறந்த வீட்டுக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியும்.

அடேயப்பா, அந்த அட்டைகள்! உடைந்த வளையல் சில்லுகளை ஒட்டி அம்மா ஒரு தெப்பக்குளமே செய்தாள். மில் துணிக்கட்டில் ஒட்டி வரும் வண்ணச் சீட்டுகளை நறுக்கிப் பெரியம்மா ஒரு தேரோட்டத்தையே கூட்டிவிட்டாள். புளியங்கொட்டைப் பசை காயும்வரை நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன். ஒரே படம், ஒவ்வொரு தடவையும் வேறு உலகம். இவர்கள் மனுஷப் பிறவிதானா என்று எனக்குப் பயமாகக்கூட இருக்கும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், ஐப்பசி பிறந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. அம்மா சொல்லியனுப்பினாள்: "மழை பேஞ்சாகணும்னு சொல்லு. ஆனா மை, சாயம் எதையும் தொடக் கூடாது."

பெரியம்மா பெய்யவைத்துவிட்டாள். கல்யாணப் புடவைச் சரிகையைப் பிரித்து, இழை இழையாக மேலிருந்து கீழே ஒட்டியிருந்தாள். அட்டையைச் சாய்த்தால் மழை அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரியப்பாவுக்கு மேலே பழைய குடைத்துணியில் வெட்டிய கறுப்புக் குடை. ஒரே ஒரு குறை, குடை கோணலாகிவிட்டது. பெரியப்பாவைப் பாதி மூடிவிட்டு, மீதி அவருக்குப் பக்கத்தில் ஆளே இல்லாத வெற்று அட்டைமேல் விரிந்துகிடந்தது. ஐயோ பாவம், இந்தத் தடவை பெரியம்மா தோற்றாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் அப்பா! வண்டிச் சக்கரத்தில் பட்டை கழன்று பாதி வழியில் திரும்பியிருந்தார். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"என்னத்தா சொளகுல?"

"கீரைப்பா."

கீரையை விலக்கினார். அப்பா அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடை ஏன் இப்படி நிக்குது?"

"பெரியம்மாவுக்குக் கோணிக்கிருச்சுப்பா. வேணும்னு செய்யல."

அப்பா உள்ளே போனார். அரிசிப் பானைக்குப் பின்னால், அம்மா யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இடத்தில் தேடாமல் கைவிட்டு எங்கள் பாதிப் படத்தை எடுத்தார். குடைக்கு அடியில் காலியாக இருந்த இடத்தில் செருகினார். வெட்டு வாய் இரண்டும் பொருந்தின. அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"பெரியப்பா இன்னும் வரலைப்பா" என்றேன்.

"வரட்டும். உக்காந்திருக்கேன்."

குடத்தோடு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவே பெரியம்மா கட்சியில் சேர்ந்துகொண்டால் போட்டி என்ன போட்டி என்று கேட்டேன். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தோற்றுப்போனதற்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்குவம்மா" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.