பேரனின் பாஸ்போர்ட்டை ராசாத்தியே வாசித்தாள்

போன ஆடி மூன்றாம் வெள்ளி, திருவரங்குளம் கோயில் வாசல். கத்தரிப்பூ நிறச் சேலையில் நின்ற எங்கள் தெரு ராசாத்தி சொன்னாள்: "ஒங்க பேரன் சிங்கப்பூர்ல பொறந்தாலும் அந்த நாட்டுக்காரன் இல்லக்கா. இங்கிட்டும் இன்னும் பதியல. நடுக்கடல்லதான் குடிவைக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று இப்போதும் சொல்வேன்.

பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிந்துவிட வேண்டுமாம். அன்றிலிருந்து மகனைத் தினமும் போனில் விரட்டினேன். கெடு முடியுமுன் பதிந்துவிட்டான். இன்று காலை பேரனின் இந்தியப் பாஸ்போர்ட் படம் என் போனுக்கு வந்தது.

கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினால், ராசாத்தி! அதே சேலை.

போனை நீட்டினேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது. நீ பத்தாவது படிச்சவ. சத்தமா வாசி."

"பேரு என்னக்கா வச்சிருக்கீங்க?"

"அதையும் நீயே வாசி."

பேரனுக்கு அவன் தாத்தா பெயர். கட்டியவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

வாசித்தாள்.

"அதுக்குக் கீழ?"

"நாடு... இந்தியா."

"பின் சீட்டுக்குக் கேக்கலையே."

"இந்தியாக்கா!"

கண்டக்டர் திரும்பினார். "அங்கெல்லாம் ஸ்டாப்பிங் இல்லம்மா. எங்க எறங்கணும்?"

பஸ்ஸே சிரித்தது. இந்த முறை என்னோடு.

இறங்கும்போது ராசாத்தி, "புள்ள வந்ததும் சொல்லுங்கக்கா, பாக்க வாரேன்" என்றாள்.

சொல்லலாமா, அடுத்த ஆடி வரை காக்க வைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.