யார் யாரென்றே புரியவில்லையாம்

ஹென்டர்சன் நூலகத்தின் வாசிப்புக் குழுவில் அந்த மாதம், என்னைப் போலவே இந்த நாட்டில் குடியேறிய கொரியப் பெண் ஒருவரின் நாவல். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஆரம்பித்தார்: "பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பேர். யார் யாருன்னே புரியல. வேற பேர் வெச்சிருக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"நான் நர்ஸா இருக்கிற வார்டுல நாலு டாக்டருக்கு ஒரே பேர். ஒருநாளும் மாத்திக் கூப்பிட்டதில்ல," என்றேன். "லைப்ரரி கார்டுல எங்கப்பா பேர் முன்னால விழுந்துருச்சு. ரெண்டு வருஷமா நீங்க எல்லாரும் கூப்பிடுறது அவரை. அவர் திருச்சியில நிம்மதியா இருக்கார்."

என் பெயரைச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில்தான் டீச்சருக்குச் சரியாக வந்தது. நான் பாராட்டவில்லை.

"இப்ப நாவலை முதல் பக்கத்திலேர்ந்து படிங்க," என்றேன்.