துலுக்கானத்துக்கு இருந்த அழுத்தம்

துலுக்கானம் எங்கள் மருந்தகத்துக்கு நோயாளியாக வரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தான். 1987 ஏப்ரல். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் நான் அப்போது நர்ஸ். அவன் பத்து வருடமாக அங்கே காண்ட்ராக்ட் கூலி. வயது நாற்பத்தொன்று. ஏணியிலிருந்து இறங்கியவன் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். மேலே இருநூற்றுப் பத்து, கீழே நூற்று முப்பது. மறு கையிலும் அதேதான்.

சொன்னேன். சிரித்தான்.

"இன்னா சிஸ்டர், பஸ் நம்பர் மாரி சொல்றே!"

"சிரிக்காதே. நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுகிறேன்."

சிரிப்பு போய்விட்டது. "எழுதிக்காதே சிஸ்டர். பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு கீது. அடுத்த மாசம் மெடிக்கல். அதே டாக்டருதான் பாப்பாரு. நோட்டுல ஏறிச்சுன்னா என் பொழப்பு பூடும்."

நான் எழுதவில்லை. வெளியே அரசு ஆஸ்பத்திரியில் காட்டு, தினமும் மாத்திரை போடு, உப்பைக் குறை என்று சொல்லி அனுப்பினேன்.

மாத்திரை வாங்கினான். ஆனால் காண்ட்ராக்ட் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பு மாத்திரை, உப்பில்லாத கஞ்சி, படுத்துத் தூக்கம். அன்றைக்குப் பாதரசம் ஒழுங்காக இறங்கி நிற்கும். தேறியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். துலுக்கானமும் தேறினான், நிறுத்தினான். "பாஸ் ஆயிட்டேன், இன்னும் இன்னாத்துக்கு மாத்திரைன்னாரு" என்று அவன் மனைவி வேம்புலியம்மாள் பிறகு சொன்னாள்.

வேலை உத்தரவு வருவதற்குள் ஜூன் மாதம் ஒரு பகலில் டீக்கடை வாசலில் விழுந்தான். மீன்பாடி வண்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். வாயில் சோடா ஊற்றியிருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தேன். வலது பக்கம் துணி மாதிரி கிடந்தது. மூச்சு குறட்டையாக வந்தது. மூளைக்குள் ரத்தம் கசிகிறது என்று எனக்கும் டாக்டருக்கும் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வாசலில்தான் நின்றது.

"கம்பெனி கார்டு இல்லாமல் வண்டி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை, சிஸ்டர். இன்னும் நம் ஆள் ஆகவில்லையே" என்றார் டாக்டர்.

"அடுத்த மாசம் உங்க ஆளுதானே நைனா!" என்று பின்னாலேயே ஓடிவந்திருந்த வேம்புலியம்மாள் கத்தினாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

அதே வருடம் ஜனவரியில் எங்கள் குடியிருப்பு ஃபிட்டர் ரகுநாதனுக்கும் இதேதான் வந்திருந்தது. அவரை அதே வண்டி ஒரு மணி நேரத்தில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ஸ்கேனும் எடுத்தார்கள். பிழைத்தார். கால் மட்டும் இழுக்கும்.

அதுவரையான என் பதினோரு வருடத்தில் குடியிருப்பில் இப்படி ஒன்பது பேர் விழுந்தார்கள், ஐந்து பேர் பிழைத்தார்கள். அநேகமாக எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் நாற்பதிலேயே விழுந்தார்கள். எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. காற்று அடித்துவிட்டது என்று சொல்லி எடுத்துப் போட்டார்கள்.

துலுக்கானம் லாரியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. வார்டில் கட்டில் இல்லை, தரையில் பாய். டியூட்டி முடிந்ததும் போனேன். ஒரு கண்ணின் பாப்பா விரிந்து நின்றது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை என்பது என் படிப்பு.

"உத்தரவு முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பாரா சிஸ்டர்?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள்.

"சொல்ல முடியாது. வண்டி கிடைத்தவர்களிலும் நாலு பேர் செத்தார்கள்." பிறகு, அவன் அழுத்தம் எனக்கு ஏப்ரலிலேயே தெரியும், எழுதாமல் விட்டேன் என்றும் சொன்னேன்.

"எழுதியிருந்தா வேல பூட்டிருக்கும்" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"கண்ணு முழிச்சா கஞ்சி குடுக்கலாமா?"

வேண்டாம், மூச்சுக்குள் போய்விடும் என்றேன். ஈரத் துணியால் உதட்டை நனைக்கவும், முதுகு புண்ணாகாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவும் கற்றுக்கொடுத்தேன். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை. ஒரே முறையில் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை அவன் இறக்கும்வரை தவறாமல் செய்தாள். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.