கஞ்சி ஊட்டும்போது பிரெஞ்சு

காலையில் எழுந்ததும் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டேன். அவளுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

பிறகு கஞ்சி ஊட்டிக்கொண்டே பிரெஞ்சுப் பாடத்தை முணுமுணுத்தேன். 'பேசு' என்று பொருள்படும் 'பார்லே' வகை வினைச்சொற்கள். நான், நீ, அவன் என்று ஆள் மாறினால் வால் மட்டும் மாறும். நான் தேறினால் கணவரின் கனடா விண்ணப்பத்துக்கு மதிப்பெண் கூடும். அம்மாவை என் தம்பி பார்த்துக்கொள்வான் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஏலக்காய் எடுக்கும் பெண்களோடு குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்பு வாசலைக் கடந்தது.

"என்னத்தா, சாமி கும்புடுறியா?" என்றாள் அம்மா.

"கனடாவுல பேசுற பாசைம்மா."

"வாயில கூழாங்கல்லப் போட்டுக்கிட்டுப் பேசுவாகளோ?"

இருவரும் சிரித்தோம். கஞ்சி வழிந்தது. துடைத்தேன்.

"மாப்ள தேனியில ஏதோ முதியோர் ஹோமு பாத்துட்டாராம்ல. அங்க ராவுல கூப்பிட்டா யாராச்சும் வருவாகளா?"

எனக்கே தெரியாத செய்தி. "யாரும்மா சொன்னா?"

"அவரு போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. நீ வெரசா படி. நான் கெடந்துக்கிறேன்."

அடுத்த மாதம் சென்னையில் தேர்வு. நான் போகப்போவதில்லை.

வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அவர் முகநூல் பக்கம் வருவதில்லை. இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் முந்திக்கொண்டு போன் போடாமல் இருந்தால் போதும்.