வாசலில் மட்டும் எடுத்த கணக்கெடுப்பு

திருப்பதியில் புள்ளியியல் படித்து முடித்ததும் ஒரு பேராசிரியரிடம் சர்வே வேலைக்குச் சேர்ந்தேன். அலிபிரி பக்கம் மலையடிவாரத்தில் இருந்த பூங்காவுக்கு டிக்கெட் வைக்கலாமா என்று பார்க்கும் ஆய்வு. எல்லாவற்றுக்கும் விலை வைக்கத் தொடங்கியிருந்த காலம். பூங்கா வாசலில் நின்று, வருகிறவர்களை நிறுத்தி, எவ்வளவு செலவழித்து, போன வருஷம் எத்தனை தடவை வந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

ஒரு வாரத்திலேயே எனக்கு உறுத்தியது. தினமும் நடக்க வரும் ரிட்டயர்டு ஆட்கள்தான் பெரும்பாலும் கையில் கிடைத்தார்கள். எப்போதாவது வருகிறவர், நான் நிற்கும் நாளில் வந்தால்தான் உண்டு. வராதவர்கள் படிவத்துக்குள் வரவே வழியில்லை. பேராசிரியரிடம் சொன்னேன். தனக்கும் தெரியும், வீடு வீடாகப் போக ஆளில்லை என்றார்.

அடுத்த லீவுக்கு எங்கள் ஊர் சாந்திபுரம் போனபோது படிவங்களையும் எடுத்துப்போனேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் கட்டட வேலைக்கு பெங்களூர் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்களிடம் எழுதிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். அவர் கணவர் பெங்களூரில் லாரி ஏறிச் செத்தது எனக்குத் தெரியும். ஆனாலும் பூங்காவுக்குப் போனதுண்டா என்று கேட்டுவிட்டேன்.

"நான் போனதில்லம்மா. அவருதான் பெங்களூர்ல பார்க்குல படுத்துக்கினு இருந்தாரு. ரூமு எடுக்க முடியல. அப்புறம் கேட்டு போட்டு டிக்கெட்டு வெச்சிட்டாங்க. ரோட்டோரம் போயி படுத்தாரு" என்றார். படிவத்தை எட்டிப் பார்த்து, "அதையும் எழுதிக்கிறியா?" என்று கேட்டார்.

அதை எழுத படிவத்தில் இடமில்லை. சைபர் போட்டேன்.

பேராசிரியர் அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் சொல்வது சரிதான், ஆனால் நாம் கணக்குப் போடும் இந்த மாடல் ஒரு தடவையாவது வந்தவர்களிலிருந்துதான் தொடங்குகிறது என்று தெலுங்கில் சொல்லி, தனியாக எடுத்து வைத்தார். எனக்கு வேலை கிடைக்க அவருடைய லெட்டர் வேண்டியிருந்தது. வாசலில் எடுத்த படிவங்களை மட்டும் கூட்டிக் கொடுத்தேன். டிக்கெட் வைத்தாலும் கூட்டம் குறையாது என்று ரிப்போர்ட் போனது. அதில் என் பெயரும் இருந்தது.

சில மாதங்களில் கேட் வந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டு, பூங்கா மரத்தடியில் படுத்துக்கிடந்த வெளியூர் ஆட்கள் நடைபாதைக்கு வந்தார்கள். வாட்ச்மேன் அங்கிருந்தும் எழுப்பிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது. அக்காவிடம் இதை இன்றுவரை நான் சொல்லவில்லை.