நனையாத உடுப்பு விற்ற காலம்

குளிர் தண்ணீருக்குள் முழுகப் போகிறவர்களுக்கு உடுப்பு விற்பது லேசான தொழில் இல்லை; வாங்க வருகிறவர் தன் புத்தியில் பாதியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கடைக்குள் வருகிறார். மிச்சப் பாதியோடு நாங்கள் மல்லுக்கட்ட வேண்டும். சப்பாத்துக் கடையிலோ சேலைக் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது. ஆறுதலாக இருக்கலாம்.

நான் நின்றது மொன்றியல் நகரில், வில்லரே என்ற பகுதியில் இருந்த ஒரு சின்ன ஸ்கூபா கடையில். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. முதலாளி ஜினெத், ஐம்பதைத் தாண்டிய கியூபெக்காரி. தண்ணீருக்கடியில் அதிக காலம் இருந்ததாலோ என்னவோ, மேலே வந்தும் அதிகம் பேசமாட்டாள். எங்கள் முக்கிய சரக்கு ட்ரைசூட். கால் முதல் கழுத்து வரை மூடும் உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டி இறுக்கிப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே வராது. காற்றை உள்ளே விட நெஞ்சில் ஒரு வால்வு, வெளியே விடத் தோளருகே ஒரு வால்வு. இந்த ஊர்த் தண்ணீரில் ஆழத்துக்குப் போக இதைவிட நல்ல வழி இல்லை. போகாமலே இருக்கலாம் என்ற வழியை விற்பனையாளர் வாயால் சொல்லக்கூடாது.

திரேசம்மா அன்ரியின் விசாரணை

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலின் கீழ்மண்டபத்தில் கோப்பி தருவார்கள். கோப்பியோடு விசாரணையும் நடக்கும். திரேசம்மா அன்ரி மன்னார்க்காரி, எங்கள் பங்கில் யாருக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளை என்பதெல்லாம் அவவுக்குத் தெரிந்தாக வேண்டும். “தம்பி, நீர் எங்க வேலை செய்யிறீர்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டா. தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு போகும் உடுப்பு விற்கிறேன் என்றேன்.

“தண்ணிக்குள்ள போனால் உடுப்பு நனையுந்தானே?” என்றா. உடம்பு நனையாது, அன்ரி, அதுதான் விசேஷம் என்றேன். “குளிராதோ?” உள்ளே தடித்த கம்பளி உடுப்புப் போட்டால் குளிராது என்றேன். “மூச்சு?” அதற்கு முதுகில் சிலிண்டர் இருக்கிறது என்றேன். அன்ரி கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, எனக்காக உண்மையிலேயே கவலைப்பட்டு யோசித்தா.

“நனையாமல், குளிராமல், மூச்சும் விட்டுக்கொண்டு இருக்கிறதெண்டால், அது வீட்டில இருந்தாலும் ஏலுந்தானே, தம்பி?”

பல் வைத்தியரின் கழுத்து

நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருந்து ஒரு பல் வைத்தியர் வருவார். புது உடுப்பின் கழுத்துப் பட்டி தன்னை நெரிக்கிறது என்றார். புதுப் பட்டி அப்படித்தான் இருக்கும். கழுத்தளவு தடிப்பான போத்தல் ஒன்றில் மாட்டிச் சில நாள் வைத்தால் இளகும், போடும்போது பவுடர் பூசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்குப் பொறுமை இல்லை. வெட்டச் சொன்னார். பட்டியில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும்; ஒரு வளையத்தை வெட்டினேன். இன்னும் நெரிக்கிறது என்றார். இன்னொன்றை வெட்டினேன். ஜினெத் பின்னறையில் இருந்து எட்டிப் பார்த்து, “இதற்கு மேல் வெட்டினால் தண்ணீர் வரும்,” என்றாள். “என் கழுத்து எனக்குத் தெரியும், மதாம்,” என்றார் வைத்தியர். வெட்டினேன். தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, இப்போதுதான் மனுஷனாக உணர்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உடுப்பைத் திணித்த பெரிய குப்பைப் பை ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார். கவுண்டரில் வைத்தபோது பைக்குள் தண்ணீர் தளம்பியது. ஆற்றில் இறங்கியதும் கழுத்து வழியாக ஐஸ் தண்ணீர் முதுகுக்குள் போனதாம். பற்கள் அடித்துக்கொண்டதில் மூச்சு விடும் வாய்க்குழாயைக் கடித்துத் துண்டாக்கிவிட்டாராம். நீங்கள்தானே ஐயா வெட்டச் சொன்னீர்கள் என்றேன்.

“நோயாளி கேட்டார் என்பதற்காக நான் நல்ல பல்லைப் பிடுங்குவேனா, மிஸ்யூ?”

துணியா, நுரையா

கார்த்திக் சென்னையில் இருந்து வந்து சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்த பையன். பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்தான். பல சனிக்கிழமைகள் கடைக்கு வந்தான், ஒன்றும் வாங்கவில்லை. ட்ரைசூட்டில் இரண்டு சாதி உண்டு: தடித்த நுரை ரப்பரில் தைப்பது ஒன்று, மெல்லிய நீர்புகாத் துணியில் தைப்பது மற்றது. நுரை தானே கொஞ்சம் சூடு தரும். துணிக்குச் சூடு இல்லை, உள்ளுடுப்பு நன்றாக இருக்க வேண்டும், ஆனால் கை கால் ஆட்டுவது சுலபம். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கார்த்திக்குக்கு நிறைய இருந்தது. இணையத்தில் முழுக்காரர்கள் சண்டை போடும் ஃபோரம் எல்லாவற்றையும் படித்திருந்தான். “அண்ணா, நார்வேல ஒருத்தர் இத பத்தி என்ன சொல்றார்னா...” என்று தொடங்கினால் மற்ற வாடிக்கையாளர்கள் தாங்களே சாமானை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மனைவி ரம்யாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். துணி உடுப்புத்தான், அதுவும் கறுப்புத்தான் என்று முடிவாகிவிட்டது என்றான். நான் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினேன். ரம்யா கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். மூலையில் ஒரு சிவப்பு உடுப்பு தொங்கியது, நுரை ரப்பர். பெட்டியோடு நான் இறங்கி வந்தபோது கார்த்திக் அந்தச் சிவப்புக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டிருந்தான்.

“கறுப்புல இருந்தா போட்டோல இவர் எங்க இருக்கார்னே தெரியாதுங்க.”

கால் மேலே

ட்ரைசூட் வாங்குகிறவர்களுக்கு ஜினெத் முதலில் நீச்சல் குளத்தில் பழக்கம் கொடுப்பாள். கார்த்திக் வரவில்லை, அலுவலகத்தில் ரிலீஸ் என்றான். பிறகு நேரே, கடையில் எல்லோருமாக முழுகப் போகும் நாளில், நகருக்கு வெளியே தண்ணீர் நிறைந்த பழைய கற்குழிக்கு ரம்யாவோடும் வீடியோ கமராவோடும் வந்து சேர்ந்தான். ஜினெத் முகத்தைச் சுளித்தாள். கரையோரம், நெஞ்சளவுத் தண்ணீரில், தன் பக்கத்தில் மட்டும் என்று சொல்லித்தான் அவனை இறக்கினாள். நான் கரையில் சிலிண்டர் காவலில் நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக நின்றவன், கீழே எதையோ கண்டு தலையைக் கவிழ்த்தான். உடுப்புக்குள் இருக்கும் காற்று எப்போதும் உயரமான இடத்தைத்தான் தேடும். கவிழ்ந்தவனுக்கு உயரமான இடம் கால். காற்று முழுக்கக் காலுக்கு ஓடியது. இரண்டு சிவப்புக் கால்கள் ஊதிப்போய் வானத்தைப் பார்த்து நின்றன, மற்றதெல்லாம் தண்ணீருக்குள். துடுப்புச் செருப்பு ஒன்று தனியே மிதந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது, ஏனென்றால் அவன் வாய்க்குழாயும் கழன்று பக்கத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ரம்யா கமராவைக் கல்லில் போட்டுவிட்டு ஜீன்ஸோடும் குளிர்காலச் சப்பாத்தோடும் தண்ணீருக்குள் ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். அதற்குள் ஜினெத் அவன் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பிடித்து, குழந்தையைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டி நிமிர்த்திவிட்டாள்.

கரையில் உட்கார்ந்து கனநேரம் இருமினான். ரம்யா அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள், அழுகையோடு திட்டினாள். ஜினெத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, கார்த்திக் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

“ஃபோரம்ல எல்லாரும் நேராத்தான் நிக்கிறாங்க, அண்ணா.”

மறுவாரமே குளத்துப் பழக்கத்துக்கு வந்தான். ரம்யாவும் பதிவு செய்தாள், அவனை நம்பி விட முடியாதென்று.

பக்கத்து மருந்துக் கடை

ட்ரைசூட்டைப் போட்டு முதுகுப் பக்கத்து ஸிப்பை இழுத்து மூடிவிட்டால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. குளிரில் அவசரம் கட்டாயம் வரும். ஆண்களுக்கு அதற்கென்று ஒரு குழாய் ஏற்பாடு உண்டு. ஜினெத் அதை விளக்கும்போது பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கூரையைப் பார்ப்பார்கள். குழாய் வேண்டாதவர்களிடம் நான் குரலைத் தாழ்த்தி, பெரியவர்களுக்கான டயப்பர் பக்கத்து மருந்துக் கடையில் இருக்கிறது என்பேன். வெயிலில் கறுத்த, தோள் அகன்ற ஆண்களும் பெண்களுமாகப் போய் வாங்கினார்கள். ஒருநாள் நான் இருமல் மருந்து வாங்கப் போனேன். கவுண்டரில் நின்ற பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டாள்.

“உங்கள் கடைக்கு நல்ல ஆரோக்கியமாகப் போகிறவர்கள் வெளியே வரும்போது ஏன் மிஸ்யூ இப்படி ஆகிவிடுகிறார்கள்?”

நானும் இறங்கினேன்

முழுகத் தெரியாதவன் முழுகும் உடுப்பு விற்பது சரியில்லை என்று ஜினெத் சொல்லிவிட்டாள். குளத்துப் பழக்கம் முடிந்து கற்குழிக்கு நாள் குறித்தபோது நவம்பர் ஆகிவிட்டது. என் மனைவி ஜெசிந்தா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கதைத்தது இவ்வளவுதான்: “ஊரில ஷெல்லுக்கும் பொம்பருக்கும் தப்பி வந்தது, உந்தக் கல்லுக் கிடங்குக்குள்ள போய்த் தாழவோ?” இருந்தும் போனேன்.

இறங்கியதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, உதடு மரத்துப்போனது. உடம்பு மட்டும் சூடாக, உலர்ந்து, யாருடையதோ போல இருந்தது. ஆழம் போகப் போக உடுப்பு நாலு பக்கமும் இறுக்கியது. நெஞ்சு வால்வை அமுக்கிக் காற்று விட்டேன், இறுக்கம் விட்டது. அடியில் யாரோ தாழ்த்திவிட்ட பழைய பஸ் ஒன்று கிடந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னலில் கை வைத்தபடி நின்றேன். என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் ஒன்றும் கேட்காத இடம் அதுதான் என்று தோன்றியது. ஜினெத் தோளில் தட்டி மேலே கை காட்டும்வரை எனக்கு வர மனமில்லை.

கரையில் உடுப்பைக் கழற்றினால் உள்ளே சேர்ட்டின் மடிப்புக் கூடக் கலையவில்லை. அந்தப் பெருமையோடு மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பனியும் மழையுமாகக் கொட்டியது. போதாததற்கு வளைவில் திரும்பிய பஸ் தெருச்சேற்றை என் தலைக்கு மேலால் வீசிவிட்டுப் போனது. ஜெசிந்தா கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பயம் தெளிந்த முகம். ஆனால் அதைக் காட்டமாட்டாள். துவாயை என் கையில் தந்தபடி சொன்னாள்.

“இஞ்சருங்கோ, உந்த உடுப்பை ரோட்டில போட்டுக்கொண்டு வாங்கோ, தண்ணிக்குள்ள போடாதையுங்கோ.”

ஐஸ் தண்ணீர், அழுத்தம், அவசரம் எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் ஏதோ ஒரு வால்வோ பட்டியோ இருந்தது. வாடிக்கையாளரின் பிடிவாதத்தை வெளியே விடத்தான் இதுவரை யாரும் ஒரு வால்வு கண்டுபிடிக்கவில்லை.