கூட்டுப்புழு தொங்கும் புல்

கணவர் போனபின் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாம், புல் வெட்ட வந்தவரை விளக்குமாற்றால் துரத்தினேனாம். எங்கள் ஒழுங்கை வீடுகளின் வட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதியிருக்கிறார்கள். என் கையில் இருந்தது குடை. மழை தூறியதால் அதுவும் விரிந்தே இருந்தது.

இன்று காலை பன்வில ஊரிலிருந்து முருகேசு புல்வெட்டும் மெஷினோடு ஒழுங்கை மூலையிலுள்ள வெற்றுக் காணிக்கு வந்தார். டெங்கு நுளம்பு பெருகுகிறதென்று எங்கள் ஒழுங்கைச் சங்கச் செயலாளர் அனுப்பினாராம்.

நுளம்பு தேங்கிய நீரில்தான் பெருகும். அங்கே கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் போன வாரமே நான் பொறுக்கிவிட்டேன்.

புல்லில் இருப்பது பழுப்பும் வெள்ளையுமான சின்ன வண்ணத்துப்பூச்சி. இறகில் மஞ்சள் வளையத்துக்குள் ஒரு கரும்பொட்டு. தாழ்வாகவே பறக்கும். புல்லில் முட்டையிடும், அதன் புழு புல்லைத்தான் தின்னும். நம் ரோஜாச் செடிகளால் அதற்குப் பயனில்லை.

"வண்ணாத்திப்பூச்சிக்கு றெக்க இருக்குதானே அம்மா, பறந்து போயிரும்," என்றார் முருகேசு.

"இதுக்கு இன்னும் முளைக்கல்ல," என்று புல்தாளில் தொங்கிய கூட்டுப்புழுவைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "காஞ்ச எலன்னுல்ல நெனச்சேன். சரிம்மா, சனிக்கிழம வாறேன். நீங்க வாயால சொன்னா ஏச்சு எனக்குத்தான் விழும். அதுக்குள்ள செயலாளர்கிட்ட எழுதி வாங்குங்க."

செயலாளரை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும், "பார்ப்போம் அன்ட்டி," என்றார். "பார்ப்போம்" என்பதைக் காட்டி எந்த மெஷினையும் நிறுத்த முடியாது.

எனக்கு அலுத்துவிட்டது, அதனால் எல்லோரும் பார்க்க இந்தக் குழுவிலேயே கேட்கிறேன். செயலாளர் அவர்களே, அது கூட்டைவிட்டுப் பறக்கும்வரை இரண்டு வாரம் பொறுக்க முடியுமா, முடியாதா? வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.